குழந்தைகளுக்குப் புவியியல் கற்றுத் தருவது எப்படி: வகுப்பறைத் தரையிலிருந்து உலக உருண்டை வரை

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் முப்பது நாடுகளின் தலைநகரங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தான். "சரி, வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினான். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் 'வ' என்ற எழுத்து மேலே இருந்தது, அம்புக்குறியும் மேலே போனது. கண்ணால் பார்த்ததைத்தான் அவன் சொன்னான். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தது என் தவறு.

அதற்கப்புறம் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் இடம். பிறகு அந்த இடத்தைப் பிள்ளைகள் தாங்களே வரைவது. அதன் பிறகுதான் மற்றவர் வரைந்த படத்தைப் படிப்பது. பெயர்கள் கடைசியில். கீழே இருப்பது அந்த வரிசைதான். இது பிரிபரேட்டரி ஸ்கூல், அதாவது தொடக்கநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதியது. அந்தப் பெயர் எல்லா இடத்திலும் ஒரே வயதைக் குறிப்பதில்லை. நான் மனதில் வைத்திருப்பது ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை. ஆறு, ஏழு வயதுக்காரர்களுக்கு முதல் நான்கு படிகளே ஒரு வருடத்துக்குத் தாராளம். மேல் வகுப்புக்காரர்களும் முதல் படியிலிருந்தே வரட்டும், ஆனால் அவர்களை அங்கே வெகுநேரம் நிறுத்தி வைக்க வேண்டாம்.

படி 1: அவர்கள் தலைக்குள் இருக்கும் பூமியைப் பாருங்கள்

முதல் வகுப்பில் எதையும் சொல்லித் தராதீர்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். ஒரு பக்கத்தில் பூமியை வரையச் சொல்லுங்கள். அதில் மனிதர்கள் நிற்கும் இடம், மேகம், நிலா எல்லாம் வர வேண்டும். மறுபக்கத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையட்டும்.

ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் இதே மாதிரி கேள்விகளைச் சிறு பிள்ளைகளிடம் கேட்டு 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'பூமி உருண்டை' என்று சரியாகச் சொன்ன பிள்ளைகளிலேயே சிலர், உள்ளே குடைந்த பந்துக்குள் ஒரு தட்டையான தரை இருப்பதாகவும் அங்கேதான் நாம் வாழ்வதாகவும் நினைத்திருந்தார்கள். சிலருக்கு இரண்டு பூமிகள்: காலுக்குக் கீழே இருக்கும் தட்டையான தரை ஒன்று, வானத்தில் மிதக்கும் உருண்டை ஒன்று. உங்கள் வகுப்பிலும் இவர்கள் உண்டு. தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒப்பிக்கச் சொன்னால் மட்டும் தெரியவே தெரியாது.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: "நிற்காமல் நேராக நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் எங்கே போய்ச் சேருவாய்?" சிலர் விளிம்புக்கு வந்துவிடுவேன் என்பார்கள். சிலர் விழ மாட்டேன், ஏனென்றால் அங்கே வேலி இருக்கும் என்பார்கள். சிரிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். எல்லாத் தாள்களிலும் பெயரும் தேதியும் எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். வருடக் கடைசியில் வேண்டியிருக்கும்.

படி 2: மேலிருந்து பார்ப்பது

வரைபடம் என்பது பறவைப் பார்வை. இது நமக்குப் பழகிப்போனதால் எளிதாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு அப்படியில்லை. உளவியலாளர் ழான் பியாஜே மூன்று மலைகள் கொண்ட ஒரு மாதிரியை மேசையில் வைத்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டார். ரொம்பச் சின்னவர்கள் தங்களுக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். தான் நிற்காத இடத்திலிருந்து பார்ப்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறமை. அதற்கு நேரம் கொடுங்கள்.

பெரிய தாளை மேசையில் விரித்து அதன்மேல் டம்ளர், கத்தரிக்கோல், புத்தகம், ஒட்டுநாடாச் சுருள், பென்சில் என்று ஐந்தாறு பொருள்களை வையுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பொருள்களை எடுத்துவிட்டுத் தாளை அடுத்த மேசைக்கு அனுப்புங்கள். கத்தரிக்கோலை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். டம்ளரில் சண்டை வரும். தாளில் இருப்பது வெறும் வட்டம்தானே, அது டம்ளரா, பந்தா, மூடியா? அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். யாராவது ஒருவர், "வட்டத்துக்குள்ள 'ட'ன்னு எழுதி, ஓரத்துல 'ட'ன்னா டம்ளர்னு போட்டா என்ன?" என்பார். குறியீட்டு விளக்கம் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. புத்தகத்தில் அதன் இலக்கணத்தை எழுதவைப்பதைவிட இது பத்து மடங்கு நிற்கும்.

அடுத்து வகுப்பறை. முதல் முயற்சியில் நாற்காலிகளுக்கு நான்கு பக்கமும் கால் முளைத்திருக்கும், செருப்பால் அடித்த பூச்சி மாதிரி. நாற்காலிக்குக் கால் இருப்பது பிள்ளைக்குத் தெரியும், அதனால் வரைகிறது. அழிக்கச் சொல்லாதீர்கள். மாடிப்படியின் மேலே நின்று கீழே வைத்த நாற்காலியை நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். "கால் எங்கே போச்சு?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

பிறகு அளவை. அறையின் நீளத்தை ஆளுக்கு ஒரு முறை காலடியால் அளக்கட்டும். ஒருவருக்கு 14, இன்னொருவருக்கு 11, எல்லாருமே சரியாகத்தான் அளந்திருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சின்னவர்களுக்குக் கட்டம் போட்ட தாளில் ஒரு காலடிக்கு ஒரு கட்டம். பெரியவர்களுக்கு மீட்டர் நாடா, நிஜத்தில் 50 செ.மீ. என்றால் தாளில் 1 செ.மீ. கட்டங்களுக்குக் குறுக்கே எழுத்தும் நெடுக்கே எண்ணும் கொடுத்து, அழிப்பானை ஒளித்துவைத்து 'இ4' என்று துப்புக் கொடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகைக்கான வேலையில் பாதி இப்போதே ஆகிவிடும்.

படி 3: திசையைத் தரையில் கண்டுபிடிப்பது

கைப்பேசியின் திசைகாட்டியை நம்பி இறங்க வேண்டாம். இரும்பு பீரோ பக்கத்தில் இருந்தால் அது ஒன்று சொல்லும், நான்கு அடி தள்ளிப் போனால் வேறொன்று சொல்லும். வெயிலே போதும்.

மைதானத்தில் சமதளமான இடத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். உச்சிவேளைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். குச்சியில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்த நிழலின் நீளத்தையே ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். நண்பகல் நெருங்க நெருங்க நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போய்விடும். மதியத்துக்குப் பிறகு மறுபடி நீண்டு, வட்டத்தை வேறோர் இடத்தில் தொடும். அங்கே இரண்டாவது கல். இரண்டு கல்லையும் இணைக்கும் கோடு மேற்கு–கிழக்கு. காலையில் சூரியன் கிழக்கே இருக்கும், நிழல் மேற்கே விழும். ஆகவே முதல் கல் மேற்கு. பூமத்திய ரேகைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. மதியம் நிழல் வட்டத்தைத் தொடும் நேரம் தவறிவிட்டால் மறுநாள்தான். ஒரு பிள்ளையைக் காவலுக்கு வைத்துவிடுங்கள். அந்த வேலைக்கு வகுப்பே போட்டி போடும்.

'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று சொல்வது முழு உண்மையில்லை. மிகச் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய நாள்களில் மட்டுமே. மற்ற நாள்களில் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ விலகியிருக்கும். மாதம் ஒரு தடவை, உதயம் தெரியும் ஜன்னலில் இடத்தைக் குறித்துவைத்தால் பிள்ளைகளே இதைப் பார்த்துக்கொள்வார்கள்.

கண்டுபிடித்த நான்கு திசைகளையும் வகுப்பறைச் சுவர்களில் ஒட்டுங்கள். பிறகு, இது முக்கியம், வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்து, அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். ஒருவருக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். தெரியட்டும். வடக்கை மேலே வைப்பது ஒரு வழக்கம்தான், இயற்கையில் அப்படி எதுவும் இல்லை. 1154-இல் அல் இத்ரீசி என்ற புவியியலாளர் சிசிலி அரசருக்கு வரைந்துகொடுத்த உலகப் படத்தில் தெற்குதான் மேலே. இதைச் சொன்னதும் அட்லஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காத பிள்ளை கிடையாது.

இதோடு ஒட்டிய தவறு ஒன்றையும் இங்கேயே கவனித்துவிடுங்கள். வடக்கு மேலே என்றால், ஆறுகள் எல்லாம் தெற்கே 'கீழே' ஓட வேண்டும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். நைல் நதியை விரலால் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். சுமார் 6,650 கி.மீ. ஓடும் அது தெற்கிலிருந்து வடக்கே போய் மத்தியதரைக் கடலில் கலக்கிறது. தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குப் போகிறது, தாளின் மேலிருந்து கீழே போவதில்லை.

படி 4: ஒரு கேள்வியோடு வெளியே போவது

'சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று வெளியே கூட்டிப்போனால் திரும்பி வரும்போது ஒன்றும் மிஞ்சாது. ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். மழை பெய்தால் பள்ளி வளாகத்தில் தண்ணீர் எங்கே தேங்கும்? எந்த இடத்தில் சத்தம் அதிகம்? நிழல் எங்கே கிடைக்கிறது, யார் அங்கே உட்காருகிறார்கள்? வளாகத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்த தாள், அட்டை, பென்சில் போதும். பதிலை எழுத வேண்டாம், வரைபடத்தில் புள்ளியாகவோ வண்ணமாகவோ குறிக்க வேண்டும். நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர், முன்கூட்டியே நீங்கள் ஒரு தடவை அதே வழியில் நடந்து பார்த்தது, பெற்றோர் அனுமதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

புள்ளி வைப்பதால் என்ன பயன் என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று தேடி விசாரித்தார். பிராட் தெருவின் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருந்தன. அவர் எடுத்துச் சொன்னபின் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. ஸ்னோ வெளியிட்ட வரைபடத்தில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு, வீட்டுக்கு வீடு அடுக்கடுக்காக இருக்கும். பெயரெல்லாம் மறைத்துவிட்டு அதன் நகலைக் கொடுத்து, "எந்தக் குழாய்?" என்று மட்டும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

படி 5: உயரத்தைத் தாளில் கொண்டுவருவது

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகளைக் கண்டால் பெரியவர்களே பயப்படுவார்கள். அதற்கு மலை வேண்டாம், கை போதும்.

இடது கையை முஷ்டியாக மடக்கி மேசைமேல் வையுங்கள். விரல் கணுக்களின் உச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சிறு வளையம். அதைச் சுற்றி, மேசையிலிருந்து ஒரே உயரம் இருக்கும்படி இன்னொரு வளையம். அதற்கும் கீழே இன்னொன்று. இரண்டு கணுக்களைச் சுற்றி ஒரே வளையம் போக வேண்டிய இடம் வரும்போது பிள்ளை கொஞ்சம் தடுமாறும், அந்த இடத்தில் அவசரப்படுத்த வேண்டாம். முடிந்ததும் முஷ்டியை விரித்து உள்ளங்கை மேசையில் படும்படி தட்டையாக வையுங்கள். மலை காணாமல் போய்விடும், கோடுகள் மட்டும் இருக்கும். செங்குத்தாக இறங்கிய பக்கத்தில் கோடுகள் நெருங்கி, சரிவு மெதுவாக இருந்த பக்கத்தில் விலகி. மறுபடி மடக்கினால் மலை திரும்ப வரும். விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இருக்கட்டும். கழுவினால் போகும் மையா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறை ஆறு பெற்றோரிடமிருந்து குறிப்பு வந்தது.

படி 6: உலக உருண்டை

உருண்டையைத் தட்டைப் படத்துக்கு முன்னால் காட்ட வேண்டும். வாய்ப்பிருந்தால் காற்றடிக்கும் பந்து உருண்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருவருக்கொருவர் தூக்கிப் போட்டுப் பிடிக்கட்டும். பிடிக்கும்போது வலது ஆள்காட்டி விரல் நீரில் இருக்கிறதா நிலத்தில் இருக்கிறதா என்று பலகையில் கோடு போடுங்கள். நூறு தடவை போட்டால் தண்ணீர் எழுபதை ஒட்டி வரும். பூமியின் மேற்பரப்பில் சுமார் 71 சதவீதம் கடல் என்பதை அவர்களே 'அளந்து' கண்டுபிடித்த மாதிரி ஆகும். பத்து தடவையோடு நிறுத்தினால் விடை தாறுமாறாக வரும். அதுவும் ஒரு நல்ல பாடம், கணக்கு ஆசிரியருக்கு விட்டுவிடலாம்.

இப்போது 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையை மேசையில் வையுங்கள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. என்பதால் இதில் ஒரு செ.மீ. ஏறக்குறைய 425 கி.மீ. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முழு வகுப்பை ஓட்டலாம். எவரெஸ்ட் 8,849 மீட்டர், உருண்டையில் எவ்வளவு உயரம் நிற்கும்? பிள்ளைகள் விரலளவு, நகமளவு என்று காட்டுவார்கள். விடை 0.2 மி.மீ., இரண்டு தாள் கனம். விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. மேலே சுற்றுகிறது, அதாவது உருண்டையிலிருந்து ஒரு செ.மீ.கூட இல்லை. நிலா 8 செ.மீ. பந்து. அதை எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் உருண்டைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும். "இன்னும் பின்னால போ" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். 9 மீட்டர். பெரும்பாலான வகுப்பறைகளில் கதவைத் தாண்டித் தாழ்வாரத்தில்தான் நிலா நிற்கும்.

தட்டைப் படத்தை இப்போது கொண்டுவாருங்கள். பழைய ரப்பர் பந்து ஒன்றை வெட்டி மேசையில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியும், இல்லையென்றால் இழுபடும். இதேதான் உலகப் படத்துக்கும் நடக்கிறது. மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569-இல் உருவாக்கிய முறை, மாலுமிகள் ஒரே திசையில் போகும் பாதையை நேர்கோடாக வரைய வசதியாக இருந்தது. அதற்குக் கொடுத்த விலை, துருவங்களுக்குப் பக்கத்தில் உள்ள நிலமெல்லாம் ஊதிப்போய்விட்டது. அந்தப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நிஜத்தில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் ச.கி.மீ., ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. பதினான்கு கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குள் அடங்கும். மெல்லிய தாளை உருண்டைமேல் வைத்து கிரீன்லாந்தை நகலெடுத்து வெட்டி, ஆப்பிரிக்காமேல் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

படி 7: பகல், இரவு, பருவங்கள்

பகலிரவு எளிது. இருட்டறை, டார்ச், உருண்டையில் ஒரு பொட்டு, மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுங்கள். 24 மணி நேரத்தில் 360 பாகை, மணிக்கு 15 பாகை.

பருவங்கள்தான் சிக்கல். ஒன்பது, பத்து வயதுக்கு முன் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 'கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது' என்ற எண்ணம் பெரியவர்களிடம்கூட உறுதியாக இருக்கிறது. அதை மறுத்துப் பேசி மாற்ற முடியாது. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. ஜனவரியில் வட அரைக்கோளத்தில் குளிர்காலம், அதே நாளில் தென் அரைக்கோளத்தில் கோடைக்காலம். தூரம்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே பருவம் இருக்க வேண்டுமே? இதை நீங்கள் சொல்லாதீர்கள், யாராவது கேட்கும்வரை காத்திருங்கள்.

பிறகு டார்ச்சைக் கட்டத் தாள்மேல் நேராக அடித்து, வெளிச்சம் விழும் கட்டங்களை எண்ணட்டும். அதே உயரத்தில் டார்ச்சைச் சாய்த்து மறுபடி எண்ணட்டும். அதே வெளிச்சம், கூடுதல் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பது குறைவு. அதன் பின்னர் 23.4 பாகை சாய்ந்த உருண்டையை ஒரு விளக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு நடங்கள். அச்சு எப்போதும் ஒரே சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் தவறும் இடம் இதுதான்: நடக்க நடக்க உருண்டையையும் தன்னோடு திருப்பிவிடுவார்கள், பருவமே மாறாது. சுவரில் ஒரு குறி வைத்துக்கொண்டு அதையே பார்த்து நடங்கள்.

படி 8: மழையும் ஆறும்

மழைமானி செய்ய நேரான பக்கங்கள் உள்ள பாட்டில் வேண்டும். தலைப்பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பிப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடி வளைவாக இருந்தால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வகுப்பறைக் கூரை 50 சதுர மீட்டர் என்றால் 10 மி.மீ. மழைக்கு 500 லிட்டர் தண்ணீர் அதன்மேல் விழுந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நான்காம் படியின் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஆற்றுக்கு நீளமான ட்ரே, ஈர மணல். ஒரு முனையை இரண்டு புத்தகத்தின்மேல் ஏற்றி, கீழ்முனையில் கொஞ்சம் தண்ணீர் தேக்கி வையுங்கள், அது கடல். மணலில் விரலால் ஒரு வளைந்த தடம். துளையிட்ட பாட்டிலிலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு சிறு வண்ணக் கட்டையைக் கொடுத்து, "உன் வீட்டை எங்கே கட்டுவாய்?" என்று கேளுங்கள். ஒரு சிறுமி ஆறு நன்றாகத் தெரியும்படி வளைவின் வெளிக்கரையில் வைத்தாள். தண்ணீர் விட்ட இரண்டாவது நிமிடம் கரை அரித்து வீடு உள்ளே விழுந்தது. எதிரே உள்வளைவில் வைத்தவன் வீட்டு வாசலில் புதிதாக மணல் சேர்ந்திருந்தது. கடலில் சேரும் இடத்தில் மணல் விசிறி போல விரிந்திருந்தது. "அவன் வீடு மட்டும் ஏன் போகல?" என்று அவள் கோபமாகக் கேட்டாள். அரிப்பு, படிவு, டெல்டா என்ற சொற்களை அப்போது சொன்னேன். அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் வெறும் மூன்று சொற்கள்தான்.

படி 9: தூர தேசங்களும் அங்குள்ள மனிதர்களும்

ஒரு நாட்டைக் கொடி, உடை, நடனம் என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அதில் அந்த நாட்டுப் பிள்ளை வருடம் முழுவதும் திருவிழா உடையிலேயே திரிவது மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே நாட்டின் நகரத் தெரு, சிற்றூர், வயல், அலுவலகம் என்று நாலைந்து படங்களைக் கொடுத்து, இவை எத்தனை நாடுகள் என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவை ஒரு நாடு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, அங்கே 54 நாடுகள் இருப்பதை வாயால் சொல்வதைவிட ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி குத்தவைப்பது மேல்.

பிறகு சட்டைக் காலரின் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாட்டில் தைத்தது? அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? உருண்டைமேல் நூல் வைத்து வழியைப் பிடிக்கட்டும். இங்கே ஒரு நல்ல கதை இருக்கிறது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல், ஆசியாவிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போகும் வழியில் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் நின்றது. 1869-இல் திறந்த அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் கப்பல் எப்படிப் போயிருக்கும்? ஒரு நூல் சூயஸ் வழியாக, ஒரு நூல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி. இரண்டாவதில் அதிகம் பிடித்த நூலை ஸ்கேலில் அளந்து 425-ஆல் பெருக்கினால் கூடுதல் கிலோமீட்டர் வந்துவிடும். ஆறாம் படியில் வாங்கிய எண் இங்கே இப்படி உதவுகிறது.

படி 10: பெயர்கள்

மனப்பாடமே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்டங்கள், பெருங்கடல்கள், சில பெரிய ஆறுகள், மலைத்தொடர்கள், முப்பது நாற்பது நாடுகள் தலையில் இருந்தால்தான் செய்தியைக் கேட்கும்போது மனதில் ஒரு படம் விரியும். ஆனால் பட்டியலாக வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை ஐந்தே நிமிடம், அட்லஸைப் பார்க்காமல் உலகத்தை வரையட்டும். முதல் வாரம் உருளைக்கிழங்கு மாதிரி குமிழ்கள்தான் வரும். பெயரை இடத்தில் எழுதினால்தான் மதிப்பெண். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேளுங்கள்: இந்த நாட்டின் கிழக்கே என்ன, அந்தக் கடலைத் தாண்டினால் என்ன?

இப்படி வரையும்போது தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரமும் ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரமும் பொருந்துவதை யாராவது பார்த்துவிடுவார்கள். ஆல்பிரெட் வெகனர் என்ற விஞ்ஞானி 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது பல ஆண்டுகளுக்குப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இன்று அந்த நகர்வை அளந்தே வைத்திருக்கிறார்கள், வருடத்துக்குச் சில செ.மீ., நகம் வளரும் வேகம்.

கண்டங்கள் ஏழு என்று அடித்துச் சொல்வதிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஒன்றாகவோ, இரண்டு அமெரிக்காக்களையும் ஒன்றாகவோ எண்ணி ஆறு என்று சொல்லித்தரும் பள்ளிகளும் உலகத்தில் உண்டு. எந்தக் கணக்கு உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கணக்கு சொல்லும் பிள்ளையைத் தப்பு என்று உட்காரவைக்காதீர்கள்.

தேர்ந்ததா என்று பார்ப்பது

கடைசி மாதத்தில் முதல் நாள் கொடுத்த அதே இரண்டு கேள்விகளை, அதே அளவுத் தாளில், முன்னறிவிப்பு இல்லாமல் கொடுங்கள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூமிப் படத்தில் மனிதர்கள் உருண்டையின் எல்லாப் பக்கமும் கால் உள்நோக்கி நிற்கிறார்களா? வழிப் படத்தில் வீடுகள் முகப்பாக நிற்கின்றனவா, கூரையாகக் கிடக்கின்றனவா? நீளமான தெரு தாளிலும் நீளமாக இருக்கிறதா? கேட்காமலேயே யாராவது வடக்கும் குறியீட்டு விளக்கமும் போட்டிருக்கிறார்களா?

ஓரிரு பிள்ளைகள் இன்னும் குடைந்த பந்துக்குள்ளேயே இருப்பார்கள். அவர்களுக்கு மதிப்பெண் குறைப்பதில் பயனில்லை, ஆறாம் படியை மறுபடி தனியாகச் செய்யுங்கள், நிலாவை அவர்கள் கையிலேயே கொடுத்துத் தாழ்வாரத்துக்கு அனுப்புங்கள். இரண்டு தாள்களையும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, உறையை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். யாரிடம் எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் அதைப் பார்த்தே தீர்மானித்துக்கொள்வார்.